தோட்டத்து வீட்டுக்கு ஒரு டார்ச் லைட்... லூமன் கணக்கும் அம்மாயியின் கட்டைவிரலும்!

எங்கள் அம்மாயிக்கு வயது 74. அப்புச்சிக்கு 80. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான் இருக்கிறார்கள். கொங்கு மண்டலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டத்து வீடு என்றால் ஊருக்குள் தெருவில் வரிசையாக இருக்கும் வீடல்ல. அவரவர் நிலத்துக்கு நடுவில் தனியாக நிற்கும் வீடு. அடுத்த வீட்டுக்கு இடையில் ஒரு தென்னந்தோப்போ, சோளக்காடோ இருக்கும். சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. இரண்டாவது செய்தி வந்தபோது நான் டெஸ்க்கில் ஷிஃப்ட்டில் இருந்தேன். தலைப்பை மாற்றி மாற்றி அப்டேட் செய்துகொண்டிருந்தபோதே அம்மாவின் போன். "கண்ணு, அப்புச்சி போன எடுக்க மாட்டீங்கறாங்க" என்றார். அப்புச்சி தண்ணி கட்டப் போயிருந்தார். அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போனது என்று எழுத வேண்டியதில்லை. அந்த மாதம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளியூரில் எங்கெல்லாம் இருந்தார்களோ, அங்கெல்லாம் அதே பத்து நிமிடம்தான்.

பிறகு குடும்பத்தில் பேச்சு. "ரெண்டு பேரும் டவுனுக்கு வந்துருங்க" என்றார் மாமா. "மாட்ட யாரு பாக்கறது?" என்றார் அப்புச்சி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாமா கேமரா மாட்டினார். அம்மா கதவுக்கு உள்தாழ்ப்பாள் இன்னொன்று போடச் சொன்னார். எனக்கு வந்த வேலை: "நீ மெட்ராஸ்லதான இருக்கற, நல்ல பேட்டரி லைட்டா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா."

டார்ச் லைட்தானே, ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை என்றுதான் தோன்றும். தேட ஆரம்பித்தால் 'செல்ஃப் டிஃபென்ஸ்', 'டாக்டிக்கல்', 'மிலிட்டரி கிரேடு' என்று வரிசையாக வருகிறது. முகப்பில் பல் பல்லாக இருக்கும், அதால் திருடனைக் குத்தலாமாம். கண்ணைக் கூசவைக்கும் ஸ்ட்ரோப் இருக்கும். 10,000 லூமன், 50,000 லூமன் என்று அச்சடித்திருக்கும். விளம்பரப் படத்தில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒருவர் ஆறடி உயரத்தில் நிற்கிறார். என் அம்மாயி ஐந்தடிகூட இல்லை.

முதலில் இந்த லூமன். ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. நம் வீட்டு ஹாலில் போடும் 9 வாட் எல்.இ.டி பல்பு சுமார் 900 லூமன் தரும். அப்படியென்றால் 10,000 லூமன் என்று சொல்லும் 400 ரூபாய் லைட்டுக்குள் பதினொரு ஹால் பல்பு இருக்க வேண்டும். அவ்வளவு வெளிச்சம் வந்தால் அந்தச் சூட்டில் கையில் பிடிக்க முடியாது. இன்னொரு சுலபமான சோதனையும் இருக்கிறது. பெரும்பாலான சார்ஜ் லைட்டுகளில் இருப்பது 18650 என்ற விரல் தடிமன் லித்தியம் செல். நல்ல கம்பெனிகளே அந்த அளவு செல்லில் 3,500 எம்.ஏ.ஹெச்-ஐ ஒட்டித்தான் தருகின்றன. அதே அளவு செல்லில் 9,900 என்று போட்டிருந்தால், அட்டையில் இருக்கும் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பட்டப்பகலில், ட்யூப் லைட் எரியும் கடைக்குள் எல்லா டார்ச்சும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றையும் கூரையில் அடித்துக் காட்டி "செம பவர் மேடம்" என்றார். பத்தடி உயரக் கூரைக்கு எல்லாமே செம பவர்தான்.

லூமனைவிட நமக்கு உதவும் கணக்கு, வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்பது. ஒரே அளவு தண்ணீரை வாளியிலிருந்து கொட்டுவதற்கும் ஓஸ் பைப் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதை கேண்டெலா என்ற அளவில் சொல்கிறார்கள். நல்ல தயாரிப்புகளின் அட்டையில் 'பீம் டிஸ்டன்ஸ்' என்று மீட்டரில் இருக்கும். அமெரிக்காவின் எஃப்.எல்-1 என்ற தரவிதிப்படி அளப்பது அது. வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் தூரத்தை அப்படிச் சொல்கிறார்கள். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அதில் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அதனால் அட்டையில் இருக்கும் தூரத்தில் பாதிக்கும் கீழே வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

'ரன் டைம்' என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம். அதே விதிப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் அது. ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தால் ஐந்து மணி நேரமும் முழு வெளிச்சம் என்று அர்த்தமில்லை.

அம்மாவுக்கு போன் போட்டு, வீட்டில் எது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அம்மா போனவாரம் அங்கே போனபோது காலால் அளந்து சொன்னார். படுக்கும் அறை ஜன்னலிலிருந்து கட்டுத்தரை 25 மீட்டர். தடத்தில் இருக்கும் கேட் 60 மீட்டர். அதற்குமேல் பார்த்து என்ன செய்யப்போகிறோம்? ஆக 150 மீட்டர் பீம், நானூறு ஐந்நூறு லூமன் இருந்தால் தாராளம். அதற்குமேல் போனால் வேறு தொல்லை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நம் கண்ணையே கூசவைக்கும். தூக்கத்திலிருந்து எழுந்த கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும், கெடுக்க ஒரு நொடி போதும்.

வயதான கண் இன்னும் சிக்கல். வயதாக ஆக கண்ணின் பாப்பா சுருங்கி, லென்ஸ் மஞ்சளாகி, இருபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிறது என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதே நேரம் புரை இருந்தால் கூச்சமும் அதிகம். அம்மாயிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. நடுவில் ஊசி மாதிரி குவிந்து, சுற்றிலும் கும்மிருட்டாக விடும் லைட் அவருக்கு ஆகாது. நடுவில் குவிந்தும், ஓரங்களில் மெல்லப் பரவியும் இருக்க வேண்டும். ஜூம் செய்யும் லைட்டுகளை நான் ஒதுக்கியதற்கு இதுதான் காரணம். இழுத்தால் ஊசி, தள்ளினால் குடை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

மூன்று லைட்டுகளை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன். 350 ரூபாய், 950 ரூபாய், 1,450 ரூபாய். யாருக்கு எது பிடிக்கவில்லையோ அது மாமா வீட்டுக்கு என்று முன்பே ஒப்பந்தம்.

அம்மாயி வீட்டில் ஏற்கெனவே லைட்டுகள் இல்லாமல் இல்லை. அப்புச்சியிடம் மூன்று கட்டை போடும் பழைய எவர்சில்வர் பேட்டரி லைட் ஒன்று உண்டு. உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்து, இப்போது அது அலமாரியில் காட்சிப் பொருள். சாதாரண பேட்டரியின் துத்தநாகக் கூடே மின்சாரத்துக்காகக் கரைவதால், தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டால் ஒருநாள் ஓட்டை விழுந்து ஒழுகும். ராத்திரி தண்ணி கட்ட நெற்றியில் மாட்டும் லைட் ஒன்று இருக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்குப் போனபோது யாரோ தந்த சாவிக்கொத்து லைட் ஒன்று. அம்மாயி கரண்ட் போனால் எடுப்பது இவற்றில் எதையுமல்ல, போனைத்தான்.

போன் வெளிச்சம் அரிசி டப்பா தேடப் போதும். நாலைந்து மீட்டரைத் தாண்டினால் கரைந்துவிடும். அதைவிட முக்கியமாக, ஆபத்து நேரத்தில் போன் வேறு வேலைக்கு வேண்டும். 100-க்கோ 112-க்கோ பேச வேண்டும், மாமாவுக்குப் பேச வேண்டும். ஒரு கையில் லைட், இன்னொரு கையில் போன். இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் ஒன்றைச் செய்யும்போது மற்றொன்று இல்லை.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தோம். மூன்று லைட்டையும் அம்மாயியிடம் கொடுத்து, "எது உங்களுக்குச் சுலுவா இருக்குதுங் அம்மாயி, பாருங்க" என்றேன்.

350 ரூபாய் லைட், பின்பக்கம் ரப்பர் பொத்தான் கொண்டது. அம்மாயியின் கட்டைவிரலில் வாதம். அழுத்தி அழுத்திப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சில் முட்டுக்கொடுத்து அழுத்தியபோது எரிந்தது. "இதுக்குள்ள திருடன் காபி குடிச்சுப்போட்டுப் போயிருவான்" என்றார்.

950 ரூபாய் லைட் பொத்தான் மென்மை. ஆனால் ஐந்து மோடு. முழுசு, பாதி, மங்கல், ஸ்ட்ரோப், எஸ்.ஓ.எஸ். அணைக்க வேண்டுமென்றால் ஐந்தையும் கடந்து போக வேண்டும். மூன்றாவது அழுத்தலில் ஸ்ட்ரோப் வந்ததும் அம்மாயி லைட்டைக் கட்டிலில் போட்டுவிட்டார். நாய் ஓடிப்போய் தொட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. எதிராளியைத் திணறடிக்கும் என்று விற்கப்படும் அந்தப் படபடப்பில், லைட் பிடித்திருப்பவருக்கும் எதுவும் ஒழுங்காகத் தெரியாது. பயிற்சி எடுத்த போலீஸ்காரருக்கு அது உதவலாம். பதற்றத்தில் நடுங்கும் 74 வயதுக் கைக்கு அது இன்னொரு பதற்றம்.

மூன்றாவதில் பக்கவாட்டில் பெரிய பொத்தான். ஒரு அழுத்து, முழு வெளிச்சம். இன்னொரு அழுத்து, அணைந்தது. அழுத்திப் பிடித்தால் மட்டும் மங்கல். "இது தேவல கண்ணு" என்றார். எனக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. வாட்டர் ப்ரூஃப் எண்ணையும் பீம் தூரத்தையும் நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தீர்மானித்தது என்னவோ அந்தக் கட்டைவிரல்தான்.

பிறகுதான் உண்மையான பிரச்னை. அப்புச்சி மூன்றாவது லைட்டை வாங்கி, வெளிச்சம் அடித்துப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றபடி நேராக வாசற்கதவைத் திறந்து வெளியே நடந்தார்.

இதைத்தான் நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். நாய் குரைத்தால், மாடு கத்தினால், அவர் வெளியே போய்ப் பார்ப்பார். அறுபது வருடமாக அப்படித்தான். மயில் வரும், காட்டுப்பன்றி வரும், மும்முனை கரண்ட் ராத்திரி வந்தால் மோட்டாரை எடுத்துவிட வேண்டும். "நாய் கொலைச்சா எட்டிப் பாக்காம எப்படி சாமி இருக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல லைட் கையில் இருந்தால் வெளியே போகும் தைரியம் இன்னும் கூடும் என்பதுதான் எந்த விளம்பரத்திலும் இல்லாத ஆபத்து.

வெளியே போகாமலே பார்க்க உதவினால்தான் அது பாதுகாப்பு லைட் என்பது என் கட்சி. அப்புச்சியிடம் அதை நேராகச் சொல்லவில்லை. "ஜன்னல்லிருந்தே கட்டுத்தரை தெரியுதான்னு பாக்கலாமுங் அப்புச்சி" என்றேன்.

முதலில் தெரியவில்லை. ஜன்னலில் கொசுவலை. இரண்டடி தள்ளி நின்று அடித்தால் வலை முழுக்க வெள்ளையாகப் பளபளத்து, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கண்ணாடி என்றால் நம் முகமே தெரியும். லைட்டின் முகப்பை வலையோடு ஒட்டி வைத்து, கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டால் கட்டுத்தரை, தொட்டி, வைக்கோல் போர் எல்லாம் தெரிகிறது. அறைக்குள் விளக்கு அணைந்திருக்க வேண்டும். உள்ளே எரிந்தால் வெளியே இருப்பவனுக்கு நாம் டி.வி மாதிரி தெரிவோம், நமக்கு அவன் தெரியமாட்டான். கேட்வரைக்கும் வெளிச்சம் போனது. மாட்டின் இரண்டு கண்ணும் பச்சையாக மின்னின. அப்புச்சி ஜன்னலிலேயே கொஞ்ச நேரம் நின்று, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். "செவல மாடு படுத்துருச்சு" என்றார்.

இன்னொரு விஷயம் பேசினோம். திடீரென்று கரண்ட் போனால் என்ன செய்வது? பல தோட்டத்து வீடுகளில் மீட்டர் பெட்டியும் ஃபியூஸும் வெளிச்சுவரில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். கரண்ட் போனதும் கதவைத் திறந்து ஃபியூஸ் பார்க்கப் போவது எல்லோருக்கும் பழக்கம். அதற்கு முன் ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்து வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கேயும் இருட்டு என்றால் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்று நினைக்கலாம். அங்கே எரிந்து நம் வீட்டில் மட்டும் இருட்டு என்றால், விடியும்வரை கதவு திறக்கக் கூடாது. போன்தான். இதை அப்புச்சி உடனே ஒப்புக்கொண்டார். ஒரு வேலை செய்யாதே என்றால் பிடிக்காது, ஒரு உபாயம் என்றால் பிடிக்கும்.

குத்தும் முகப்பு உள்ள லைட் வாங்கலையா என்று மாமா பையன் கேட்டான். தற்காப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். குத்தும் தூரத்துக்கு ஒருவன் வந்துவிட்ட பிறகு 150 கிராம் அலுமினியக் குழாயை வைத்துக்கொண்டு என் அம்மாயி என்ன செய்ய முடியும்?

உண்மையில் அந்த லைட் அதிகம் சந்திக்கப்போவது திருடனை அல்ல, பாம்பை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கறுப்பு உடம்பு, ஈர மண். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் மண்ணும் பாம்பும் குச்சியும் ஒரே சாம்பல் நிறம். கொஞ்சம் மஞ்சள் கலந்த, பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தில் நிறங்கள் பிரிந்து தெரியும். அட்டையில் 4,000 முதல் 5,000 கெல்வின் என்று இருந்தால் அது. கழிவறை வெளியே இருக்கும் வீடுகளுக்கு இது லூமனைவிட முக்கியம்.

சார்ஜ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தது ஒன்றில்தான்: அப்புச்சியின் போன் சார்ஜரே இதற்கும் பொருந்த வேண்டும். தனி ஒயர் என்றால் ஆறு மாதத்தில் காணாமல் போகும். கைப்பிடி வைத்த பெரிய சார்ஜ் லைட்டுகள் சிலவற்றில் இன்னும் லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. சார்ஜ் இல்லாமல் சில மாதம் கிடந்தால் அது செத்துவிடும். அவசரத்துக்கென்று வாங்கி மூலையில் வைக்கும் பொருளுக்கு அந்தக் குணம் ஆகாது. லித்தியம் மாதக் கணக்கில் தாங்கும். இருந்தாலும் ஒவ்வொரு அமாவாசைக்கும் சார்ஜ் போடுவது என்று அம்மாயி முடிவு செய்தார். காலண்டரில் அதற்குக் குறி தேவையில்லை, அன்றைக்கு எப்படியும் விரதம்.

லைட்டின் இடம் கட்டிலின் தலைமாட்டு ஆணி. நாடா போட்டு மாட்டியாயிற்று. இருட்டில் மினுங்கும் ரேடியம் ஸ்டிக்கரை அதன் கீழ் ஒட்டினேன். அப்புச்சி தண்ணி கட்ட அதை எடுத்துப் போகக் கூடாது, அவருக்கு நெற்றி லைட் இருக்கிறது என்று அம்மாயி கறாராகச் சொல்லிவிட்டார். "இது வீட்டு லைட்டு."

கடைசியாகச் செய்த ஏற்பாடு என் யோசனை அல்ல, அம்மாயியுடையது. பக்கத்துத் தோட்டத்து வீடு ஜன்னலிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர். நம் லைட்டில் அவர்கள் வீட்டைப் பார்க்க முடியாது. ஆனால் நம் லைட் எரிவது அவர்களுக்குத் தெரியும். வெளிச்சத்தில் ஒரு பொருளைப் பார்ப்பதற்கும் வெளிச்சத்தையே பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். அங்கே இருக்கும் அக்காவும் வீட்டில் பெரும்பாலும் தனிதான். இருவரும் பேசி, ஆபத்து என்றால் எத்தனை தடவை, எப்படி அடிப்பது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். அதை இங்கே எழுதமாட்டேன். ஒன்றுமில்லை, படுக்கப்போகிறோம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பதரைக்கு இங்கிருந்து அடித்தால், அங்கிருந்து பதில் வர வேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி பதில் வரவில்லை. அம்மாயி இரண்டாம் தடவை அடித்துப் பார்த்துவிட்டு, போன் போட்டிருக்கிறார். அந்த அக்கா தாராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தாராம். "போறவ சொல்லிப்போட்டுப் போகோணுமா வேண்டாமா?" என்று அம்மாயி என்னிடம் போனில் அரை மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். அப்புச்சியைப் பற்றிக் கேட்டேன். நாய் குரைத்ததாம். எழுந்து ஜன்னலுக்குப் போனாராம். ஜன்னலில் பார்த்துவிட்டு, அப்புறம் வெளியேயும் போனாராம்.